பின்லாந்திலிருந்து வராத ரயர்

மலைச் சைக்கிளுக்கு எந்த ரயர் நல்லது எண்டு கேட்டால், விஷயம் தெரிஞ்சவர்கள் திருப்பிக் கேட்பது ஒண்டைத்தான்: எந்தத் தரையில ஓடப் போறீங்கள்? காய்ந்து இறுகின மண்ணுக்குக் கட்டையான, நெருக்கமான பற்கள் போதும். உதிரிக் கல்லெண்டால் வளைவில் கடித்துப் பிடிக்கப் பெரிய பக்கப் பற்கள் வேணும். சேற்றுக்கு உயரமான, இடைவெளி விட்ட பற்கள். இடைவெளி இல்லாட்டிச் சேறு அப்பி, ரயர் வெறும் உருளையாகிப் போகும். (மாரியில் எங்கட ஒழுங்கைகளில் சைக்கிள் உழக்கினவைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.)

சரி, பற்களைத் தரை தீர்மானிக்குது. அளவை யார் தீர்மானித்தது? அதைத் தேடப் போய்த்தான் இந்தக் கதைக்குள் விழுந்தோம்.

1933இல் அமெரிக்காவின் ஷ்வின் நிறுவனம் 26 அங்குல விட்டமும் 2.125 அங்குல அகலமும் கொண்ட பலூன் ரயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மலைக்காக இல்லை, பொடியன்களின் பாரமான சைக்கிள்களுக்காக. 1970களில் கலிபோர்னியாவின் மரின் கவுண்டி இளைஞர்கள் அந்தப் பழைய சைக்கிள்களை எடுத்து மலைப்பாதையில் இறக்கினார்கள். 1976 ஒக்டோபர் 21இல் 'ரீபேக்' ஓட்டப்போட்டி தொடங்கியது. இறங்கி முடிய பிரேக்கின் கிறீஸ் எரிஞ்சு போயிடும், திரும்ப அடைக்க வேணும். பெயர் வந்தது அப்படித்தான். 26 அங்குலத்தை அவர்கள் ஆராய்ந்து எடுக்கேல்லை. மலிவாகக் கிடைத்த தடித்த ரயர் அதுதான்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் ஜெஃப் அப்ஸ் வேறொரு தரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்: ஈரம், களி, காட்டுப்பாதை. அவருக்குக் காத்தைக் குறைத்து ஓடக்கூடிய, சேற்றில் புதையாமல் பரவி நிற்கிற பெரிய ரயர் தேவைப்பட்டது. கிடைத்தது பின்லாந்தின் பனிக்கால ரயரான ஹக்கபெலிட்டா. 650பி அளவு, ஏறத்தாழ 54 மில்லிமீற்றர் அகலம். செய்தது நோக்கியா. ஓம், எங்கட வீடுகளில் இருந்த போனின் அதே நோக்கியா!

அப்ஸ் அதைக் கலிபோர்னியாவுக்கு அனுப்பினார். கேரி ஃபிஷருக்கும் சார்லி கெல்லிக்கும் பிடித்துப்போனது. ஆனால் பின்லாந்திலிருந்து ஒழுங்காக வரேல்லை. 1981இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் 26 அங்குலச் சில்லோடு சந்தைக்கு வர, றிம், ஃபோர்க், ரியூப் எல்லாம் அந்த அளவைச் சுற்றியே செய்யப்பட்டன.

தொழில்நுட்ப வரலாற்றைச் 'சிறந்தது வென்றது' எண்ட கதையாகத்தான் நாங்கள் படித்து வந்திருக்கிறோம். இங்க அது பொருந்தேல்லை. கலிபோர்னியாவின் காய்ந்த மண்ணில் 26 மோசமாக ஓடேல்லை எண்டதும் உண்மைதான். ஆனால் அந்த மண்ணுக்குப் போதுமாயிருந்த அளவு, ஈர மண்ணில் ஓடினவர்களுக்கும் சேர்த்து முப்பது வருஷம் விதியானது. பொருளாதாரத் தடைக்குள் சைக்கிளோடு வாழ்ந்த எங்கட பெற்றோருக்கு இது புதினமில்லை. எது நல்லது எண்டு பிறகுதான் யோசிக்கலாம், எது வந்து சேருது எண்டதுதான் முதல் கேள்வி.

2012 மார்ச்சில் தென்னாபிரிக்காவின் பீற்றர்மரிற்ஸ்பேர்க்கில் நினோ ஷூர்ட்டர் உலகக்கிண்ணச் சுற்றொன்றை 650பி சில்லில் ஓடி வென்றார். பிறகு கடைகள் அதை 27.5 எண்டு பெயர் மாற்றிப் புது அளவாக விற்றன.