திருநெல்வேலியும் வாக்குச் சீட்டும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பலாலி வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் சிறிது தூரத்தில் திருநெல்வேலிச் சந்தையைக் காண்பர். செம்மண் தோட்டங்களில் விளைந்த மரக்கறிகள் வந்து குவியும் அச்சந்தை, விலை பேசுமிடம் மட்டுமன்று, அரசியல் பேசுமிடமுமாகும். "யாழ்ப்பாணத்தார் வாக்களிப்பது வெறும் வழக்கம் பற்றியே, சின்னத்தைக் கண்டாற் புள்ளடி இடுவர்" என்று கூறுவோர் உளர். அக்கூற்று வரலாற்றுக்குப் பொருந்துமா என்பதை இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விழைகின்றேன்.

1931 ஆம் ஆண்டுக்கு முன்னர், கல்வியும் சொத்தும் உடைய சிலருக்கே வாக்குரிமை இருந்தது. நாட்டு மக்களில் நூற்றுக்கு நால்வர் அளவினரே அதனைப் பெற்றிருந்தனர். டொனமூர் அரசியற்றிட்டம் அந்த உரிமையை ஆண், பெண் இருபாலாருக்கும், சாதியும் செல்வமும் பாராது, விரித்து வழங்கிற்று. 1921 இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியை நிறுவிய சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர்களுள் ஒருவர். கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டை நன்றியுடன் போற்றும் நாம், எளிய மக்களின் பகுத்தறிவை அவர் குறைவாக மதிப்பிட்டார் என்பதையும் மறைத்தலாகாது.

வாக்குரிமை வந்தது, ஆயின் வடபகுதி அதனை உடனே பயன்படுத்தவில்லை. பூரண சுயராச்சியம் வழங்காத திட்டத்தை ஏற்கலாகாது என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு பகிஷ்காரத்துக்கு அறைகூவல் விடுத்தது. குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் எவரும் நியமனப் பத்திரந் தாக்கல் செய்யவில்லை. இலட்சியம் உயர்ந்ததே. எனினும், அரசாங்க சபையில் நம் ஆசனங்கள் மூன்றாண்டுகள் வெறுமையாய்க் கிடந்தன. முதன்முறையாக உரிமை பெற்ற பெண்களும் ஒடுக்கப்பட்ட மக்களும் தம் முதல் வாக்கை அளிக்க, 1934 ஆம் ஆண்டு இடைத்தேர்தல்கள் வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி, திருநெல்வேலியை உள்ளடக்கிய நல்லூர்த் தொகுதியை நோக்குவோம். 1960 ஆம் ஆண்டு மார்ச்சிலும் யூலையிலும், பின்னர் 1965 இலும், தமிழரசுக் கட்சியின் டாக்டர் இ. மு. வி. நாகநாதன் இங்கு வெற்றி பெற்றார். மூன்று முறை தொடர்ந்தமையால் இது வழக்கமாகி விட்டதென்றே பலரும் எண்ணியிருப்பர். 1965 இல் அக்கட்சி மாவட்ட சபைகளை எதிர்பார்த்து டட்லி சேனநாயக்காவின் தேசிய அரசாங்கத்துக்கு ஆதரவளித்தது. 1968 இல் அச்சபைகளுக்கான முயற்சி கைவிடப்பட்டது. 1970 இல் நல்லூர் வாக்காளர், தமிழ்க் காங்கிரசின் சி. அருளம்பலத்தைத் தெரிவு செய்தனர். புதியவரோ அரசாங்கத்தின் பக்கஞ் சார்ந்து, 1972 ஆம் ஆண்டுக் குடியரசு அரசியலமைப்பை ஆதரித்தார். 1977 இல் அதே வாக்காளர் தமிழர் விடுதலைக் கூட்டணியின் மு. சிவசிதம்பரத்தைப் பெரும்பான்மையாற் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். ஏழாண்டுகளுக்குள் இருமுறை மாறிய இவ்வாக்கை வழக்கம் என்று சொல்லல் தகுமோ? கணக்குக் கேட்கும் வாக்கு என்பதே பொருந்தும்.

அடுத்து வந்தது இருண்ட காலம். 1981 இல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1983 இல் ஆறாந் திருத்தம் விதித்த சத்தியத்தை ஏற்க மறுத்த கூட்டணி உறுப்பினர் தம் ஆசனங்களை இழந்தனர். போர்க்காலத்தில் வாக்களிப்பதும் அபாயம், வாக்களியாமையும் அபாயம் என்ற நிலை உண்டாயிற்று. 2005 ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலில், விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பின் நிழலில், யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவரே வாக்களித்தனர். நாடு முழுவதிலும் வெற்றியைத் தீர்மானித்த வேறுபாடு ஏறத்தாழ 180,000 வாக்குகள். இம்மாவட்டத்திற் பதிவு பெற்றிருந்த வாக்காளரோ ஏறத்தாழ 700,000 பேர். 1931 இல் நாம் விரும்பி வாய்மூடினோம். 2005 இல் அச்சமும் நம் வாயை மூடிற்று. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும், இருமுறையும் நம் குரலின்றியே முடிவு எழுதப்பட்டது.

2024 நவம்பரில், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி பெற்றது. தமிழரசுக் கட்சிக்கும் தமிழ்க் காங்கிரசுக்கும் ஒவ்வொன்றே கிடைத்தது. எஞ்சியதொன்று சுயேச்சைக் குழுவுக்குச் சென்றது. தென்னிலங்கையிலே தோன்றிய கட்சியொன்று இம்மாவட்டத்தில் முதலிடம் பெறும் என்று எதிர்பார்த்தவர் மிகச் சிலரே. சந்தையிற் சிலர் இதனை மகிழ்ந்தனர், சிலர் வருந்தினர். எப்பக்கம் சரியென்று கூறுவது என் பணியன்று. 1970 ஐ அறிந்தவர் இதனைக் கண்டு திகைத்திரார் என்று மட்டுஞ் சொல்வேன்.

தேர்தற் காலங்களிற் பாடசாலைத் திறப்புகளை அலுவலரிடம் ஒப்படைப்பது அதிபரின் கடமை. அவ்வாறு ஒப்படைத்த ஒரு நாளில், தோட்டத்திலிருந்து நேரே வந்த மூதாட்டி ஒருவர், காலிற் செம்மண் காயாமலே, எங்கள் மண்டபத்து வரிசையில் முதலாவதாக நின்றார். யாருக்கு வாக்களித்தார் என்பதை நான் அறியேன், அறிய வேண்டியதுமில்லை. அவர் பிறப்பதற்குச் சிறிது முன்னரே அவருடைய தாய்க்கு வாக்குரிமை வந்தது என்பதை நான் அறிவேன். அதனை வெறும் பெட்டியாக விட்டுவிடாது காத்தலே, அத்தாய்க்கும் அவர் மகளுக்கும் நாம் செய்யும் கைம்மாறு.