பவியா போர்: நம் வீட்டு மேசையில்

கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒரு பெட்டி நிறைய கட்டைவிரல் உயரக் குதிரைவீரர்களைக் கொண்டுவந்தான். சாப்பாட்டு மேசையில் பச்சைத் துணி விரித்து, பகடையும் அளவு டேப்பும் எடுத்து வைத்தான். "தாத்தா, நீங்க பிரெஞ்சு ராஜா" என்றான். அன்று நாங்கள் ஆடியது 1525-ஆம் ஆண்டு பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் நடந்த பவியா போர்.

பிரான்சின் மன்னர் முதலாம் பிரான்சிஸுக்கு அப்போது 30 வயது. மிலானுக்குத் தெற்கே உள்ள பவியா நகரை 1524 அக்டோபர் முதல் முற்றுகையிட்டிருந்தார். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை நகரை மீட்க வந்தது. ஆனால் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க அவர்களிடம் பணமில்லை. சும்மா காத்திருந்தாலே பிரான்சிஸுக்கு லாபம்.

பேரரசின் படையோ காத்திருக்கவில்லை. நகருக்கு வடக்கே இருந்த வேட்டைப் பூங்காவின் மதிலை இரவோடு இரவாக உடைத்து, விடியற்காலைப் பனிமூட்டத்தில் உள்ளே நுழைந்தது. பிரெஞ்சுப் பீரங்கிகள் அவர்களை நன்றாகவே தாக்கின. அப்போதுதான் மன்னர் தன் கவசக் குதிரைப்படையுடன் தானே பாய்ந்தார். அந்தப் படையின் பெயர் ஜான்தார்ம். உடல் முழுக்க இரும்பு அணிந்து, நீண்ட ஈட்டி ஏந்திய பிரபுக்கள். எதிரே நின்ற குதிரைப்படை சிதறியது. ஆனால் மன்னர் குறுக்கே வந்துவிட்டதால் அவருடைய பீரங்கிகளே வாயடைத்துப் போயின. மரங்களின் மறைவிலிருந்து ஸ்பானியத் துப்பாக்கி வீரர்கள் சுட்டார்கள். லா பாலிஸ், போனிவே போன்ற பெரிய தளபதிகள் மாண்டார்கள். குதிரை சுடப்பட்டு விழ, மன்னர் சிறைப்பட்டார்.

புத்தகத்தில் படித்தபோது, "என்ன அவசரம் இவருக்கு?" என்று நினைத்ததுண்டு. மேசையில் நானும் அதையேதான் செய்தேன். பளபளக்கும் அத்தனை குதிரைகளையும் சும்மா நிறுத்தி வைக்க மனம் வரவில்லை. பாய்ச்சலுக்குப் புறப்பட்ட குதிரைப்படையைத் திரும்ப அழைக்க முடியாது என்பது எங்கள் ஆட்டத்தின் விதி. தன் ஆட்கள் குறுக்கே நின்றால் பீரங்கி சுடக்கூடாது என்பது இன்னொன்று. நான்காவது சுற்றிலேயே என் ராஜா பிடிபட்டார்.

ஆட்டத்தில் இல்லாத பகுதியைப் பிறகு அவனுக்குச் சொன்னேன். 1526 மார்ச்சில் மன்னர் விடுதலையானார். அவருக்குப் பதிலாக அவருடைய இரண்டு மகன்கள் பிணையாக ஸ்பெயினுக்குப் போனார்கள். மூத்தவனுக்கு எட்டு வயது, இளையவனுக்கு ஏழுகூட நிறையவில்லை. அவர்களை மீட்க 20 லட்சம் பொற்காசுகள் பேசப்பட்டன. ஸ்பானியர்கள் காசுகளைத் தரம் பார்த்து எண்ணி முடிக்கவே மாதக்கணக்கில் ஆயிற்று. கேஷ் கவுண்டரில் காலம் கழித்த எனக்கு அந்தச் சிரமம் புரிகிறது.

"பசங்க திரும்பி வந்தாங்களா தாத்தா?" என்று கேட்டான்.

"வந்தார்கள், 1530 ஜூலையில். நான்கு வருஷத்துக்கும் மேலே ஆயிற்று" என்றேன்.

சற்று நேரம் பேசாமல் இருந்தான். பிறகு வீரர்களை மறுபடி அடுக்கினான். இந்த முறை என் குதிரைகளைப் பீரங்கிகளுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டேன். இரண்டு மணி நேரம் ஆகியும் யாரும் ஜெயிக்கவில்லை. ராஜா மட்டும் பத்திரமாக இருந்தார்.