பேஸ்லைன் வீதிக்கு உள்ளே ஒரு மைதானம்

கிருலப்பனைச் சந்தியிலிருந்து வடக்கே போகும் பேஸ்லைன் வீதியில் நாரஹேன்பிட்டியைத் தாண்டி, கனத்தை மயானத்தைத் தாண்டிப் பொரளையை அடைந்தால், வலப்பக்கம் உள்ளே வனாத்தமுல்லை. அங்கேதான் பி. சரவணமுத்து மைதானம் இருக்கிறது. எங்கள் தாய் தந்தையருக்கு அது 'கொழும்பு ஓவல்'. எங்களுக்கும் ஓவல்தான், 1977இல் பெயர் மாறிய பிறகும் வீட்டில் யாரும் புதுப்பெயரைச் சொன்னதாக நினைவில்லை.

பெண்கள் பாடசாலையின் நூற்றாண்டு மலரில் கிரிக்கெட் மைதானத்துக்கு என்ன வேலை என்று மலர்க் குழுவிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எமது பிள்ளைகள் வலைப்பந்து விளையாடியவர்கள், சில காலம் ஹொக்கி மட்டை பிடித்தவர்கள். ஓவலில் அவர்கள் விளையாடியதில்லை. ஆனால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்களின் வரவேற்பறையில் ஐம்பது வருடங்களாகப் பேசப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. பேசியவர்கள் அப்பாமார், மாமாமார். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்டவர்கள் நாங்கள். எங்கள் காதில் விழுந்ததையும் எழுதி வைக்கலாம் அல்லவா?

முதலில் அந்தப் பெயரைப் பற்றி. தமிழ் யூனியன் கழகம் 1899இல் தோன்றியது. பிரைஸ் பார்க் மைதானத்தில் ஆடிவந்த கழகம் 1940களில் வனாத்தமுல்லைக்கு வந்து நிலைகொண்டதில் பாக்கியசோதி சரவணமுத்துவின் பங்கு பெரிது. போர்க்காலத்தில் தேயிலைக்கும் இறப்பருக்கும் கட்டுப்பாட்டாளராக இருந்த சிவில் சேவை அதிகாரி அவர். இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. சகோதரர்களும் சாதாரணமானவர்கள் அல்லர். மாணிக்கசோதி பினாங்கில் பத்திரிகை ஆசிரியர். 1941 டிசம்பரில் ஆங்கிலேயர் அந்தத் தீவை விட்டு ஓடிய பிறகு கோட்டையில் பறந்த பிரித்தானியக் கொடியை இறக்கியவர் அவர்தான். இன்னொருவர் இரத்தினசோதி, கொழும்பின் முதலாவது தெரிவுசெய்யப்பட்ட மேயர்.

ஆண்கள் சொல்லும் கதை பெரும்பாலும் இத்தோடு நின்றுவிடும். இரத்தினசோதியின் மனைவி நேசம் சரவணமுத்து 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். சர்வஜன வாக்குரிமை வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நாட்டின் சட்டசபையில் அமர்ந்த இரண்டாவது பெண் அவர். தமிழ்ப் பெண்களில் முதல்வர். 1936இலும் வென்று, 1941இல் காலமானார். கொட்டாஞ்சேனையிலிருந்து எமது பாடசாலைக்கு பஸ் ஏறி வந்த பிள்ளைகளில் எத்தனை பேருடைய பாட்டிமார் அவருக்கு வாக்களித்திருப்பார்களோ! மைத்துனரின் பெயரில் மைதானம் இருக்கிறது. நேசம் அம்மையாரின் பெயரை எமது சமூகக்கல்விப் புத்தகத்தில் நான் கண்டதில்லை.

ஓவலின் பொற்காலக் கதை எப்போதும் 1948 மார்ச் 27இல்தான் தொடங்கும். அக்காலத்தில் அவுஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே போகும் கப்பல்கள் கொழும்பில் தங்கும். கரையிறங்கும் அணிகள் இங்கே ஒருநாள் ஆடிவிட்டுப் போகும். சுதந்திரம் கிடைத்து இரண்டு மாதம்கூட ஆகாத நாட்டுக்கு 'ஸ்ட்ராத்தெயார்ட்' கப்பலில் பிராட்மன் தம் அணியோடு வந்து இறங்கினார். இலங்கை அணியின் தலைவர் மகாதேவன் சதாசிவம். பிராட்மன் 20 ஓட்டங்களோடு ஹெய்னின் பந்துவீச்சில் பிடிகொடுத்து ஆட்டமிழந்தார்.

அந்த ஆட்டத்தை நேரில் பார்த்த பெண் ஒருவரிடம் நான் படித்திருக்கிறேன். எமது கணித ரீச்சர். அன்று அவருக்குப் பதினொரு வயது. "பிராட்மன் எப்படி இருந்தார் ரீச்சர்?" என்று கேட்டால், "எனக்கு முன்னால் இருந்த தொப்பிகளைத்தான் பிள்ளை பார்த்தேன்" என்பார். ஆனால் அந்த ஆட்டத்தில் ஒரு கணிதப் பாடம் இருந்தது. ஆடுகளத்தின் நீளம் சரியில்லை என்று சந்தேகம் எழுந்து அளந்து பார்த்தபோது இருபத்திரண்டு யார் இருக்க வேண்டிய இடத்தில் இருபதுதான் இருந்தது. ரீச்சர் கரும்பலகையில் எழுதுவார்: 22 யார் ஒரு சங்கிலி, 10 சங்கிலி ஒரு பர்லாங்கு, 80 சங்கிலி ஒரு மைல். "பிராட்மனுக்கே இரண்டு யார் குறைத்துக் கொடுத்த ஊர் இது. நீங்கள் விடைத்தாளில் அளவைக் குறைக்காதீர்கள்." மீற்றர் வந்து யாரைத் துரத்திய பிறகும் அந்தப் பாடம் நடந்தது.

சதாசிவத்தைப் பற்றி எங்கள் மாமாமார் பேசுவதைக் கேட்டால், அவர் துடுப்பைத் தொட்டால் பந்து தானாகவே எல்லைக்கோட்டுக்குப் போகும் என்று தோன்றும். மிகையென்றாலும் முழுதும் மிகையல்ல. 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கெதிராக 215 ஓட்டங்கள் அடித்தவர். இலங்கை, சிங்கப்பூர், மலாயா என்று மூன்று நாடுகளுக்குத் தலைமை தாங்கியவர். அவருடைய கழகம் தமிழ் யூனியன். அவர் படித்த வெஸ்லி கல்லூரியும் பொரளையில்தான்.

எங்கள் அம்மாமார் அவரைப் பற்றிப் பேசியது வேறு கதை, அதுவும் தணிந்த குரலில். 1949 ஒக்டோபரில் பம்பலப்பிட்டியில் சதாசிவத்தின் மனைவி ஆனந்தம் தம் வீட்டில் கொலை செய்யப்பட்டார். சதாசிவம் கைதாகி, நீண்டகாலம் சிறையிலிருந்து, 1951இல் ஜூரிகளால் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். கொல்வின் ஆர். டி சில்வாவின் வாதத்திறமை இன்றும் சட்டக்கல்லூரியில் பேசப்படுகிறது. வழக்கு பேசப்படுகிறது, 215 பேசப்படுகிறது. நான்கு பெண் பிள்ளைகளை விட்டுச்சென்ற ஆனந்தத்தை ஒரு மனுஷியாக நினைத்துப் பேசியவர்கள் எங்கள் பக்கத்துக் குசினிகளில் மட்டுமே இருந்தார்கள். அந்தக் கதையை விட்டுவிட்டு ஓவலின் புகழை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஐம்பதுகளிலிருந்து சென்னையும் இலங்கையும் மாறிமாறி ஆடிய கோபாலன் கிண்ணம் இன்னொரு பழைய இனிப்பு. எம்.ஜே. கோபாலன் கிரிக்கெட்டிலும் ஹொக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1936இல் பேர்லின் ஒலிம்பிக் ஹொக்கி அணியா, இங்கிலாந்து போகும் கிரிக்கெட் அணியா என்று வந்தபோது கிரிக்கெட்டைத் தேர்ந்தார். ஹொக்கி அணி தங்கப்பதக்கத்தோடு வந்தது. கிரிக்கெட் அணி தோற்றுத் திரும்பியது. எமது ஹொக்கிப் பிள்ளைகள் மட்டையைத் தூக்கி எறியும்போதெல்லாம் ரீச்சர் இந்தக் கதையை எடுத்து விடுவார்.

ரீச்சருக்கு ஒரு வழக்கம் உண்டு. வானொலியில் வர்ணனை போகும்போது சி.ஆர். கொப்பியில் ஒவ்வொரு பந்தையும் பதிவார். ஆங்கில வர்ணனை, சிங்கள வர்ணனை, எது கிடைத்தாலும் சரி. கிருலப்பனையில் அவருடைய வீட்டு அலுமாரியில் அப்படிப் பதினேழு கொப்பிகள் அடுக்கியிருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம்.

1982 பெப்ரவரி 17, இலங்கையின் முதலாவது டெஸ்ட். இங்கிலாந்துக்கெதிராக, சரவணமுத்து மைதானத்தில். தமிழர் பெயருள்ள மைதானம், தமிழ்க் கழகத்தின் மண். களமிறங்கிய பதினொருவரில் தமிழ்ப் பெயர் ஒன்றுமில்லை. இதை அன்று எங்கள் வீட்டில் ஒருவர் சொல்ல, மற்றவர் "இப்ப அதை ஏன் கதைக்கிறாய், ஆட்டத்தைப் பார்" என்றார். இருவரும் மனதாரச் சொன்னார்கள். பதினெட்டு வயது அர்ஜுன ரணதுங்க அரைச்சதம் அடித்தபோது இருவரும்தான் கைதட்டினார்கள். அவர் இன்னும் பள்ளி மாணவர், எங்கள் வயதுதான்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ரீச்சர் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஐந்து பேரை ஓவலுக்கு அழைத்துப் போனார். முட்டை சான்ட்விச், ஒரு பிளாஸ்க் தேநீர், கொப்பி, கூர் தீட்டிய மூன்று பென்சில்கள். சுற்றிவரப் பார்த்தால் பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். ரோய் டயஸின் 77 ஓட்டங்களால் முதல்நாள் மாலையில் இலங்கை வெல்லும் நிலையில் இருந்தது. நாங்கள் வெற்றியைப் பார்க்கத்தான் போனோம். 167க்கு மூன்று விக்கெட் என்றிருந்தது, எம்பரி பந்தைக் கையிலெடுத்தார், 175க்கு எல்லாரும் ஆட்டமிழந்தார்கள். எட்டு ஓட்டங்களில் ஏழு விக்கெட்டுகள்! பைலா பாடிக்கொண்டிருந்த கூட்டம் வாயடைத்துப் போனது. ரீச்சர் மட்டும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். இங்கிலாந்து ஏழு விக்கெட்டால் வென்றது. திரும்பும் வழியில் ஒருத்தி அழுதாள். எங்களை முன்பின் தெரியாத சிங்கள அம்மா ஒருவர் பஸ்ஸில் அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார்.

அடுத்த வருடம் ஜூலை 24ஆம் திகதி இரவு, வடக்கில் இறந்த பதின்மூன்று இராணுவத்தினரின் இறுதிச் சடங்குக்காகக் கனத்தையில் கூடிய கூட்டத்திலிருந்து கிளம்பிய தீ முதலில் பொரளையைப் பிடித்தது. ஓவலிலிருந்து நடை தூரம். விடிந்ததும் அது பேஸ்லைன் வீதி வழியாகவும் மற்ற வீதிகள் வழியாகவும் கிருலப்பனைக்கும் வெள்ளவத்தைக்கும் வந்து சேர்ந்தது. வெலிக்கடைச் சிறையில் நடந்ததை இங்கே விரிக்கத் தேவையில்லை. ரீச்சரின் வீடு அன்று முற்பகலில் எரிந்தது. அவரும் வயதான தாயாரும் பின்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அரிசிக் களஞ்சிய அறையில் இருந்தார்கள். பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. எமது பாடசாலை மீண்டும் திறந்தபோது எங்கள் வகுப்பில் பாதி வாங்குகள் வெறுமை. பதினேழு கொப்பிகளில் ஒன்றும் மிஞ்சவில்லை என்று யாழ்ப்பாணத்திலிருந்து எழுதினார். முதல் டெஸ்டின் பதிவும் அவற்றோடு போயிற்று.

1985 செப்டெம்பர் 11. அதே ஓவலில் இலங்கை இந்தியாவை 149 ஓட்டங்களால் தோற்கடித்து முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. ரூமேஷ் ரத்னாயக்கவுக்கு ஒன்பது விக்கெட்டுகள். விக்கெட் காப்பாளர் அமல் சில்வா சதமும் அடித்து, ஒன்பது பேரை ஆட்டமிழக்கவும் செய்தார். ஜனாதிபதி பொது விடுமுறை அறிவித்தார். திம்புப் பேச்சுவார்த்தை முறிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் சீனவெடி வெடித்தபோது நாங்கள் எல்லோரும் முதலில் வாசல் கதவைத்தான் பார்த்தோம். அது மகிழ்ச்சி வெடி என்று புரிய அரை நிமிடம் ஆயிற்று. பிறகு அப்பா வானொலியைச் சற்றுக் கூட்டி வைத்தார்.

மகிழ்ந்தோமா என்று கேட்டால், மகிழ்ந்தோம். அதை யாருக்கும் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் பற்றரி வானொலியில் ஐந்து நாளும் கேட்ட ரீச்சர், அங்கே அதைச் சொல்வது இன்னும் கடினம் என்று பின்னர் சொன்னார். "எழுதினேன் பிள்ளை. புதுக் கொப்பி, முதல் பக்கம்." 1987இல் கொழும்புக்கு மீண்டபோது அந்தக் கொப்பியோடுதான் வந்தார்.

அதன் பின்னர் காலம் வேகமாக ஓடியது. கண்டியிலிருந்து வந்த முத்தையா முரளிதரன் தமிழ் யூனியனுக்காக ஆடினார். ரங்கன ஹேரத்தும் அதே கழகத்துக்கு ஆடினார். 2006 ஓகஸ்டில் தென்னாபிரிக்காவுக்கெதிராக 352 என்ற இலக்கை இலங்கை ஒரேயொரு விக்கெட் மிச்சமிருக்க எட்டியது ஓவலில்தான். 2015 ஓகஸ்டில் குமார் சங்கக்கார தம் கடைசி டெஸ்டை அங்கே ஆடினார். நான்கு வருடங்களுக்கு முன் லோர்ட்ஸில் ஆற்றிய உரையில், 1983இல் தம் பெற்றோர் கண்டி வீட்டில் தமிழ் நண்பர்களுக்கு அடைக்கலம் கொடுத்ததையும், விளையாடக் கூட்டாளிகள் கிடைத்த மகிழ்ச்சியில் சிறுவனான தமக்கு ஒன்றும் விளங்காததையும் சொன்னவர் அவர். அந்த உரையின் பிரதியை ரீச்சர் மடித்துக் கொப்பிக்குள் வைத்திருந்தார்.

2017 பெப்ரவரி 21ஆம் திகதி ஓவலில் பெண்கள் உலகக்கிண்ணத் தகுதிச் சுற்றின் இறுதியாட்டம், இந்தியாவும் தென்னாபிரிக்காவும். ரீச்சருக்கு எண்பது. வான் பிடித்து, சக்கர நாற்காலியையும் ஏற்றிக்கொண்டு, எமது சங்கத்திலிருந்து ஆறு பேர் போனோம். வழியில் கிருலப்பனைப் பழைய வீட்டு ஒழுங்கையைக் கடந்தபோது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தென்னாபிரிக்கா 244. இந்தியாவுக்கு ஒன்பது விக்கெட்டுகள் போய்விட்டன, இரண்டு பந்துகளில் எட்டு ஓட்டங்கள் வேண்டும். ஹர்மன்பிரீத் கௌர் ஒன்றைச் சிக்ஸருக்குத் தூக்கினார், மற்றதில் இரண்டு ஓடினார்.

நாங்கள் எழும்பி நின்று கூவினோம். ரீச்சர் 6, 2 என்று எழுதிக் கோடு கிழித்து, கூட்டுத்தொகையை இரண்டு தரம் சரிபார்த்தார். அந்தக் கொப்பியும் 1985ஆம் ஆண்டுக் கொப்பியும் இப்போது சங்க அறைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் செயலாளரிடம் திறப்பைக் கேட்டு வாங்கலாம்.