ஆற்றுவாய் திறக்கும் மாதம்

பாடப்புத்தகமும் பத்திரிகையும் அதை வாவி என்று எழுதுகின்றன. அமிர்தகழியில் வளர்ந்த எங்களுக்கு அது ஆறு. ஆற்றுமீன், ஆற்றிறால், ஆற்றங்கரை என்றுதான் பேச்சு. மட்டக்களப்பு என்ற பெயருக்குள்ளேயே அந்தத் தண்ணீர் கிடக்கிறது: களப்பு என்றால் ஆழமில்லாத உவர்நீர்ப் பரப்பு. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் அதன் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. இத்தனை நீளத் தண்ணீருக்குக் கடலைத் தொட இரண்டே வாய்கள்தான். ஒன்று எங்கள் பக்கத்துப் பாலமீன்மடு முகத்துவாரம், மற்றது தெற்கே கல்லாற்றில்.

கச்சான் வீசும் மாதங்களில் ஆற்றின் ஓட்டம் தளர்ந்துபோகும். கடல் மணலை அள்ளிக்கொண்டு வந்து வாயை மூடிவிடும். ஐப்பசியில் வாடை திரும்பி மழை விழத் தொடங்கினால் ஆறு நாளுக்கு நாள் உயரும். கார்த்திகை முற்றுவதற்குள் ஒன்று ஆறே மணல்மேட்டை உடைக்கும், அல்லது மனிதர்கள் வெட்டிவிடுவார்கள். இந்த இரண்டு மாதத்தைத்தான் என் அம்மப்பா கொடுவாக் காலம் என்பார்.

மட்டக்களப்பு மீனைப் பற்றி வெளியார் எழுதியவற்றில் பெரும்பகுதி பாடும் மீனைப் பற்றியது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் 1848இல் இங்கு வந்தார். நிலவு நேரத்தில் மீனவர்களோடு தோணியில் போய், தண்ணீருக்கடியிலிருந்து வந்த இசையைக் கேட்டு, 1859இல் வெளிவந்த தமது நூலில் அதைப் பதிந்தார். அது மீனின் குரல் அல்ல, ஊரிச் சங்கின் குரல் என்று மீனவர்கள் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்தால் ஓசை தெளிவாகக் கேட்கும். சிறுவனாக நானும் அப்படிக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது பாடாத மீனான கொடுவா. அதன் கதையும் எழுதப்பட வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு.

கொடுவா பாரசீக வளைகுடாவிலிருந்து அவுஸ்திரேலியா வரை பரந்து வாழ்கிறது. அங்கே அதன் பெயர் பாரமண்டி. நன்றாக வளர்ந்தால் ஓர் ஆளின் உயரத்தை எட்டும். சேற்று நீரில் கறுத்தும் உப்பு நீரில் வெள்ளியாகவும் இருக்கும். லாம்பு வெளிச்சம் பட்டால் கண் நெருப்புத் துண்டுபோல் சிவக்கும். கண்ணாப் பற்றை வேருக்குள்ளும் பாலத் தூணின் நிழலிலும் அசையாமல் நின்று, மணலை மீன் குஞ்சோ இறாலோ கிட்ட வந்ததும் வாயைப் பிளந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அமைதியான இரவில் அந்தச் சத்தம் கரைவரை கேட்கும். வளர்வது களப்பிலும் ஆறுகளிலும். முட்டையிட மட்டும் அதற்கு உப்புத் தண்ணீர் வேண்டும். அதற்காக வாயைத் தேடி வரும். வாய் மூடிக் கிடந்தால் காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்பை அறிந்தவர் அம்மப்பா. 1966இல், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, முதல் தடவையாக என்னைத் தோணியில் ஏற்றினார். மூன்று நாள் விடாமல் மழை பெய்து, ஆற்றுத் தண்ணீர் தேயிலைச் சாயம் போலிருந்தது.

"ஆறு கறுத்துப் போச்சு மனே. இனி அதுகள் வாய்க்குக் கிட்ட வந்து நிக்கும்."

"எப்பிடித் தெரியும் அம்மப்பா?"

"மணலை துள்ளுறதப் பார். சும்மாவா துள்ளுது? கீழ ஆள் நிக்குது."

அவர் உயிர் இறாலின் வாலில் தூண்டிலைக் குத்தி ஓட்டத்தோடு விட்டார். நூல் விரலில் ஒருமுறை துடித்தது. அவர் அசையவில்லை. இரண்டாவது இழுப்பில்தான் வெட்டி இழுத்தார். அடுத்த கணம் அந்த மீன் தலையை உதறிக்கொண்டு தண்ணீருக்கு மேலே எழுந்தது. நூல் வெறுமையாகத் திரும்பி வந்தது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போன்றது. தலையை ஒரு பக்கம் திருப்பினாலே பருத்தி நூல் அறுந்துவிடும். "கொழுவினதில பாதி போயிரும் மனே" என்று சொல்லிவிட்டு அடுத்த தூண்டிலைக் கட்டத் தொடங்கினார்.

ஊரில் அதற்குள் நைலோன் வந்திருந்தது. 1950களில் இலங்கைக் கரைகளில் பரவத் தொடங்கிய அந்த நூலை அவர் கடைசிவரை தொடவில்லை. பருத்தி நூலைக் கண்ணாப் பட்டை அவித்த சாயத்தில் தோய்த்துக் காயவைப்பது அவருடைய வேலை. அது உக்காமல் இருக்க அவர் செலவழித்த நேரத்தைக் கணக்கிட்டால், மீன் பிடித்த நேரத்தைவிடக் கூடவே வரும்.

பிடித்த மீனுக்கும் எல்லை இருந்தது. ஐஸ் இல்லாத நாட்களில் மத்தியானத்துக்குள் விற்காதது கருவாடாகும். எழுவான்கரை மீன் மண்முனைத்துறையில் தோணியேறிப் படுவான்கரைக்குப் போய், நெல்லாகத் திரும்பி வரும். 1928இல் மட்டக்களப்புக்கு ரயில் வந்தது. பின்னாளில் உமி நிரப்பிய பெட்டிக்குள் ஐஸ் கட்டியும் கொடுவாவும் கொழும்புக்கு இரவு ரயில் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். நெல்லுக்கு மாறிய மீன் காசுக்கு மாறத் தொடங்கியபோது, வீட்டுக்குப் போதும் என்ற அளவு இல்லாமல் போயிற்று.

வாயை வெட்டுவதும் ஒரு நீண்ட வழக்கு. படுவான்கரையில் வெள்ளாண்மை செய்பவருக்கு ஆறு உயர்ந்தால் வயல் தாழும். வாயைச் சீக்கிரம் வெட்ட வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மீன்பிடிப்பவருக்கோ ஆறு நிறைந்து, மீனும் இறாலும் முதிர்ந்த பிறகு உடைய வேண்டும். இரண்டு கரைக்காரரின் முறைப்பாடும் கச்சேரிக்குப் போகும். முடிவாகும் நாளில் வற்று நேரம் பார்த்து, மண்வெட்டியோடு ஆட்கள் மணல்மேட்டில் இறங்குவார்கள். ஒரு முழ அகல வாய்க்கால்தான் வெட்டுவார்கள். மிச்சத்தை ஆறு பார்த்துக்கொள்ளும். பொழுது சாயும்போது கரை துண்டு துண்டாக இடிந்து விழும். விடியும்போது தோணி போகுமளவு வாய் திறந்திருக்கும். இன்று அந்த வேலையைப் பெக்கோ இயந்திரம் சில மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறது.

வாய் திறந்த முதல் பத்து நாளில் கொடுவா குவியும். 1913இல் கட்டப்பட்ட வெளிச்சவீட்டுப் பக்கம் இரவு முழுக்க லாம்புகள் வரிசையாக எரியும். அந்த நாட்களில் சிக்குபவை பெரும்பாலும் பெரிய மீன்கள். அம்மம்மா வயிற்றைக் கீறினால் இரண்டு பாளைச் சினை கிடைக்கும். மஞ்சளும் மிளகாயும் தடவி அதைப் பொரித்து, தலையைப் புளியாணம் வைப்பார். சினை எனக்கு, சின்னவனுக்கு. அந்த ருசியை நான் மறக்கவில்லை, மறைக்கவும் போவதில்லை.

வாழ்வின் பிற்பகுதியில்தான், உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியனாக, அந்தச் சினையின் பொருளைப் புத்தகத்தில் படித்தேன். கொடுவா பருவமடையும்போது பெரும்பாலும் ஆண். ஆண்டுகள் கழித்து, ஆறேழு வயதுக்கு மேல், பெண்ணாக மாறுகிறது. அதாவது பெரிய கொடுவா அனேகமாக எல்லாம் தாய்கள். ஒரு தாய் இலட்சக்கணக்கில் முட்டையிடும். எங்கள் பகுதியில் குடி தாய்வழியாக வருகிறது. வீடு மகளுக்குப் போகிறது. நான் வளர்ந்ததும் அம்மம்மாவின் வீட்டில்தான். தாயை வைத்தே வம்சத்தை எண்ணும் ஊர், வாசலில் வந்து நின்ற தாய்களை எண்ணாமல் இருந்திருக்கிறது.

அப்படியிருந்தும் அம்மப்பாவின் காலத்தில் மீன் குறையவில்லை. அவர் தாய்மீனை விட்டுவைத்தவர் என்று கதை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிக்கியதை அவர் எடுத்தார். மீனைக் காத்தது அறுந்துபோகும் பருத்தி நூல், ஐஸ் இல்லாத பெட்டி, கையால் வலிக்கும் தோணி. எங்கள் கையின் குறைதான் மீனுக்கு அரணாக இருந்தது.

அந்த அரண் ஒவ்வொன்றாக விழுந்தது. நைலோன் வந்தது, இயந்திரம் வந்தது. 1978 நவம்பர் 23இன் சூறாவளி தோணிகளைத் தென்னைமரங்களுக்கு நடுவில் தூக்கிப் போட்டது. மீண்டும் தொழிலுக்குப் போனவர்கள் புதிய வலைகளோடு போனார்கள். பிறகு போர். 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணையில் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். இரவில் ஆற்றில் இறங்க முடியாத வருடங்கள் தொடர்ந்தன. அந்த வருடங்களில் மீனுக்கு ஓய்வு கிடைத்தது என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த ஓய்வுக்கு என்ன விலை கொடுத்தோம் என்பது எங்களுக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையாக எழுந்த கடல், கரையோர நாவலடியைத் துடைத்துக்கொண்டு ஆற்றுக்குள் புகுந்தது. 2014இல் மண்முனையில் பாலம் திறந்தார்கள். நெல்லும் மீனும் கைமாறிய துறையை இப்போது ஐஸ் லொறி ஒரு நிமிடத்தில் கடக்கிறது. பாலம் வந்தது நல்லது; நோயாளியும் பிள்ளைகளும் அதில்தான் போகிறார்கள். மீனுக்கு ஓர் அரண் குறைந்ததும் உண்மை.

இதே மீன் வாழும் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கொடுவாவுக்கு இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள். 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் எடுக்கக் கூடாது, 120க்கு மேற்பட்டதையும் எடுக்கக் கூடாது. முதல் அளவு குஞ்சுக்காக, இரண்டாவது தாய்க்காக. கிழக்குக் கரையில் நவம்பர் தொடக்கம் ஜனவரி முடியும்வரை கொடுவா பிடிப்பதற்கே தடை. தாய்லாந்தில் 1970களிலும், சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தில் 1997இலும் கொடுவாவைத் தொட்டியில் முட்டையிட வைத்தார்கள். திருகோணமலையில் கூண்டில் வளர்க்கிறார்கள். அந்த அறிவை நான் மதிக்கிறேன். ஆனால் கூண்டில் வளரும் மீன் எங்கள் ஆற்றுவாயை அறியாது. எந்த மழைக்கு ஆறு கறுக்கும், எந்த இரவில் மணலை துள்ளும் என்று படிக்க அது யாருக்கும் கற்றுத்தராது.

அரணை இனி நாங்களே எழுப்ப வேண்டும். வாய் திறந்த முதல் பத்து நாள் பெரிய மீனைத் தொடாமல் விடுவோம் என்று இரண்டு கரைக்காரரும் சேர்ந்து பேசலாம். வாயை எப்போது வெட்டுவது என்று தலைமுறைகளாகக் கூடிப் பேசியவர்கள்தானே நாங்கள்.

போன ஐப்பசியில் அம்மப்பாவின் துடுப்பைப் பரணிலிருந்து இறக்கினேன். பாடும் மீனுக்குக் காதை வைத்த அதே துடுப்பு. அளவு நாடாவை வைத்து அதில் இரண்டு கோடு கீறினேன்: 58இல் ஒன்று, 120இல் ஒன்று. என் பேரன் ஒரு கொடுவாவை இழுத்துத் தோணிக்குள் போட்டபோது, துடிக்கும் மீனுக்குப் பக்கத்தில் துடுப்பைக் கிடத்தினோம். வால் இரண்டாவது கோட்டைத் தாண்டிக் கிடந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். சினையின் ருசி எனக்கு நாவில் வந்தது. தோணியின் வாயோரம் இருவரும் குனிந்து அவளைத் தண்ணீரில் விட்டோம்.