அகலப் பாதையும் குறுகிய பாதையும்

சரித்திரப் புத்தகங்களில் ஒரு குறை உண்டு. எந்தப் பொருள் எந்த வருஷம் வந்தது என்று எழுதியிருப்பார்கள். வந்த பொருள் கட்டுபடியாகவில்லை என்று எத்தனை வீட்டார் அதைத் திருப்பி அனுப்பினார்கள் என்று மட்டும் எழுதியிருக்க மாட்டார்கள். அப்படித் திருப்பி அனுப்பிய வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஆகையால் அந்தச் சிறு சரித்திரத்தை நானே எழுதிவிடலாம் என்று உத்தேசம்.

சங்கரன்கோவில் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆடித்தபசும் புற்றுமண்ணும் நினைவுக்கு வரும். சிலருக்குப் பூ மார்க்கெட் நினைவுக்கு வரலாம். ஆனால் கோயிலைத் தாண்டி இரண்டு தெரு நடந்தால்தான் ஊரின் உண்மையான குரல் காதில் விழும். அது விசைத்தறியின் குரல். எங்கள் வீட்டிலும் நான்கு தறிகள் ஓடின. 2004-ஆம் ஆண்டு வாக்கில் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை மீட்டர் கேஜிலிருந்து அகலப் பாதையாயிற்று. மூன்று வருஷம் கழித்து எங்கள் வீட்டுத் தொலைபேசிக் கம்பியும் அகலப் பாதையாயிற்று. அதற்குப் பெயர் பிராட்பேண்ட்.

அதற்கு முன்னால் இருந்தது டயல்-அப். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் கிடைத்தது 1995 ஆகஸ்டு 15-ஆம் தேதி. விதேஷ் சஞ்சார் நிகம் என்ற அரசாங்க நிறுவனம் அதைத் தொடங்கிற்று. முதலில் வாய்த்த நகரங்களில் சென்னையும் ஒன்று. தனி நபருக்கு 250 மணி நேரம், 5,000 ரூபாய். அதாவது மணிக்கு இருபது ரூபாய். டெலிபோன் கட்டணம் தனி. 1998-இல் தனியார் கம்பெனிகளுக்கும் அனுமதி கிடைத்தது. விலை இறங்கிற்று, இணையம் தாலுகா ஊர்களுக்கும் இறங்கி வந்தது.

டயல்-அப்பின் சூட்சுமம் எளிது. மோடம் என்ற பெட்டி, மனிதன் பேசுவது போலவே டெலிபோன் கம்பியில் பேசும். கீச்சென்றும் கர்ரென்றும் அது போடும் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அது பேசும்போது வேறு யாரும் பேச முடியாது. பிராட்பேண்டோ அதே கம்பியில், மனிதக் குரல் எட்டாத மேல் ஸ்தாயியில் செய்தியைக் கொண்டுபோகும். கீழே அப்பா வியாபாரம் பேசலாம். மேலே பிள்ளை இணையம் பார்க்கலாம். ஒரு கம்பி, இரண்டு குடித்தனம்.

2004 அக்டோபரில் அரசாங்கம் வகுத்த கொள்கைப்படி, நொடிக்கு 256 கிலோபிட் ஓடினால் அது பிராட்பேண்ட். டயல்-அப்பின் உச்சமே 56. அந்த உச்சமும் ஏட்டில்தான். ஐந்து மெகாபைட் கொண்ட ஒரு சினிமாப் பாட்டு பிராட்பேண்டில் மூன்று நிமிஷத்தில் வந்துவிடும். டயல்-அப்பில் அதே பாட்டுக்கு அடுப்பில் உலை வைத்துச் சோறு வடித்துவிடலாம்.

இவ்வளவு சௌகரியத்தை விட்டு ஏன் திரும்பினேன்? அந்த நாளில் பிராட்பேண்ட் திட்டங்களில் ஓர் அளவு உண்டு. மாதத்துக்கு இத்தனை மெகாபைட். மிஞ்சினால் ஒவ்வொரு மெகாபைட்டுக்கும் தனிக்காசு. இதை அறிந்தும் நான் ராத்திரியெல்லாம் கம்ப்யூட்டரைத் திறந்தே வைத்திருந்தேன். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு உலகத்துப் புத்தகசாலை வீட்டுக்கே வந்துவிட்டது என்றால் தூக்கம் வருமா? மாதக் கடைசியில் பில் வந்தது. அப்போது 2008, தமிழ்நாடெங்கும் மின்வெட்டு. தறிகள் பாதி நாள் நின்றன.

அப்பா பில்லை இரண்டு முறை படித்தார்.

“ஏலே, இது போன் பில்லா, கரண்ட் பில்லா?”

“போன் பில்தாம்ப்பா.”

“தறி நின்னா கரண்ட் பில்லு குறையுது. நீ நின்னா இது குறையுமா?”

மறுநாளே பிராட்பேண்டுக்கு முழுக்குப் போட்டேன். பழைய மோடத்தைத் தூசி தட்டினேன். மாதம் முந்நூறு ரூபாய் மிச்சம்.

எனக்கு அதில் வெட்கமில்லை. பின்வாங்குவதற்கு நம் நாட்டில் நல்ல முன்மாதிரி உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பெட்ரோலில் ஓடிய பஸ்களில் பல கரி வாயுவுக்குத் திரும்பின. பஸ்ஸின் முதுகில் ஓர் அடுப்பு. அதில் கரியைப் போட்டு ஒருவன் காற்றுச் சக்கரத்தைச் சுற்றுவான். மேடு வந்தால் பயணிகள் இறங்கி நடப்பார்கள். ஆனாலும் பஸ் ஊர் போய்ச் சேர்ந்தது. நானும் அப்படிச் சேர்ந்துவிடலாம் என்று நம்பினேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாகவே இருந்தது என்பேன். கடிதங்களை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பைப் போட்டு, அனுப்பிவிட்டு உடனே துண்டிப்பேன். வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய தந்தி எப்படி நம் ஜனங்களுக்குச் சிக்கனமாக எழுதக் கற்றுக்கொடுத்ததோ, அப்படியே டயல்-அப்பும் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அந்தத் தந்தியும் 2013 ஜூலையில் விடைபெற்றுவிட்டது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. 1995-இல் இணையப் பக்கங்கள் எழுத்தும் சிறு படமுமாக மெலிந்திருந்தன. டயல்-அப்பில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை. 2008-இல் அவை பிராட்பேண்டுக்காகத் தின்று கொழுத்திருந்தன. பத்திரிகை ஆபீஸ் அனுப்பும் ஒரு படம் திறப்பதற்குள் இணைப்பு அறுந்துபோகும். யுத்த காலத்தில் பல பஸ்கள் சேர்ந்து கரிக்குத் திரும்பின; ஆகவே நேர அட்டவணையும் அதற்கேற்ப மெதுவாயிற்று. நானோ தனியாகத் திரும்பினேன். உலகத்தின் அட்டவணை எனக்காக மாறவில்லை. அகல ரயில் பாதை போட்டபின் பழைய மீட்டர் கேஜ் பெட்டியை அதில் ஓட்ட முடியுமா?

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பகலில் மின்சாரம் இல்லாததால் இரவில்தான் உட்காருவேன். அப்படி ஓர் இரவு, ஒரு கதையைப் பத்திரிகைக்கு அனுப்பப் போராடிக்கொண்டிருந்தேன். இணைப்பு அறும், மறுபடி போடுவேன். ஒன்பது மணிக்கு ஆரம்பித்தது பதினோரு மணிக்கு முடிந்தது. வெற்றி வீரனைப் போலப் படுத்துத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டார். தீபாவளிக்கு அவசரமாகச் சேலை வேண்டும். நூலும் கொடுத்து நல்ல கூலியும் கொடுக்க முந்தின இரவு கூப்பிட்டிருக்கிறார். “அண்ணாச்சி, ரெண்டு மணி நேரமா என்கேஜ்டாவே இருந்துச்சுங்க. வேற ஊருக்குக் கொடுத்துட்டேனுங்க” என்றார். அப்பாவிடம் அப்போது செல்போன் இல்லை. என் செல்போன் எண் ஈரோட்டுக்காரருக்குத் தெரியாது. ஒரு கம்பியில் இரண்டு குடித்தனம் நடந்த காலம் போய்விட்டதை நான் மறந்தே போனேன்.

பதினைந்து நாள் நான்கு தறிகளும் சும்மா நின்றன. மின்வெட்டு என்று அரசாங்கத்தின் மேல் பழியைப் போட அந்த முறை வழியில்லை. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஐந்து மாதத்தில் நான் மிச்சம் பிடித்த ஆயிரத்தைந்நூறு ரூபாய் என்னிடம் பத்திரமாக இருந்தது. அதை அவரிடம் நீட்டினேன்.

“வச்சுக்கோ. அந்தப் பழைய லைனையே மறுபடி போடு” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ராத்திரி மட்டும் அணைச்சிட்டுப் படு” என்றார்.

2016-க்குப் பிறகு கைத்தொலைபேசியில் இணையம் மலிந்துவிட்டது. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கம்பெனி தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது என்று படித்தபோது, அவ்வளவு காலம் அதை விடாமல் வைத்திருந்தவர்களை நினைத்துக்கொண்டேன். அவர்கள் எல்லோரும் கஞ்சர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வேறு கம்பி எட்டாத ஊர்க்காரர்கள் அவர்களில் இருந்திருப்பார்கள். பில்லை இரண்டு முறை படிக்கிற அப்பாக்களும் இருந்திருப்பார்கள்.

சிக்கனம் தப்பல்ல. செலவைக் குறைக்கும்போது, அதோடு சேர்ந்து எந்தக் கதவு சாத்திக்கொள்கிறது என்று பார்க்கத் தெரியவேண்டும். அன்றிரவு நான் அனுப்பிய கதை அச்சில் வந்ததா என்று கேட்பீர்கள். வந்தது. சன்மானமும் வந்தது. அதை அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.