மணியோசையும் சமநேரமும்: ஓர் அமெரிக்கச் சட்டத்தின் கதை



பேச்சுப் போட்டிக்கு நடுவராக அமர்ந்தவர்கள் அறிவார்கள். கணீரென்று முழங்கும் மாணவனுக்கும் மனனம் செய்ததை மறந்து திகைத்து நிற்கும் மாணவிக்கும் ஒரே அளவு நேரந்தான்; நேரம் முடிந்ததும் மணி ஒலித்துவிடும். ஒருவருக்கு அரை நிமிடம் கூடுதலாகத் தந்துவிட்டால் பெற்றோர் பகுதியிலிருந்து முணுமுணுப்பு எழும். இந்த எளிய நியாயத்தைத் தேர்தல் களத்தில் சட்டமாக்கிப் பார்த்த நாடு அமெரிக்கா. அச்சட்டம் பட்ட பாடு ஆசிரியர்களாகிய நமக்கும் சிந்தனைக்குரியது என்பதால் இங்கே எழுதுகின்றேன்.

வானொலி வளர்ந்துவந்த காலம் அது. அலைவரிசைகளோ எண்ணிக்கையில் குறைவு. அவற்றைப் பயன்படுத்த அரசின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்ற நிலைய முதலாளி தமக்கு வேண்டிய வேட்பாளரை மட்டும் பேசவிட்டு மற்றவர்க்குக் கதவடைத்தால் என்ன செய்வது? இந்த அச்சமே 1927ஆம் ஆண்டு வானொலிச் சட்டத்தில் ஒரு விதியாக உருவெடுத்தது. 1934ஆம் ஆண்டு தொடர்புச் சட்டத்தில் அதுவே 315ஆம் பிரிவாக இடம்பெற்றது. ஒரு வேட்பாளர் நிலையத்தைப் 'பயன்படுத்த' இடமளித்தால், அதே பதவிக்குப் போட்டியிடும் தகுதிபெற்ற ஏனைய வேட்பாளர் அனைவருக்கும் சம வாய்ப்பு அளிக்க வேண்டும். அவர்கள் பேசுவதைத் தணிக்கை செய்யக்கூடாது. ஆனால், எவருக்கேனும் இடமளித்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் அப்பிரிவில் இல்லை. ஒருவருக்கும் நேரம் தராமல் இருந்துவிட்டாலும் சமத்துவம் காக்கப்பட்டதாகவே பொருள்! பூச்சியமும் சமப் பங்குதானே. இந்த ஓட்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'பயன்படுத்துதல்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அரசையே ஆட்டிவைத்தவர் சிக்காகோ நகரத்து லார் டேலி. மதுக்கடைகளுக்கான முக்காலிகளை விற்றுப் பிழைத்த எளிய மனிதர். தேர்தல் வந்தால் போட்டியிடாமல் இருக்க மாட்டார். அமெரிக்க நாட்டின் உருவகமாகக் கேலிச்சித்திரங்களில் வரும் 'சாம் மாமா'வைப் போல உயரத் தொப்பியும் வண்ண அங்கியும் அணிந்து வாக்குக் கேட்பார். அவருடைய கொள்கைகளில் பலவற்றை ஏற்க முடியாது. எனினும் சட்டத்தைச் சொல்லுக்குச் சொல் படித்தவர் என்பதை மறுப்பதற்கில்லை.

1959இல் சிக்காகோ மேயர் தேர்தல். பதவியிலிருந்த மேயர் ரிச்சர்ட் டேலி (பெயர் ஒலிப்பு ஒன்றுபோல் இருப்பினும் உறவினர் அல்லர்) மீண்டும் போட்டியிட்டார். வருகைபுரிந்த அர்ஜென்டினா அதிபரை அவர் வரவேற்ற காட்சி தொலைக்காட்சிச் செய்தியில் சில கணங்கள் இடம்பெற்றது. வேறு சில செய்திப் படங்களிலும் அவர் முகம் தெரிந்தது. உடனே லார் டேலி, "மேயர் வேட்பாளர் திரையில் தோன்றினார், நானும் வேட்பாளர், எனக்கும் நேரம் தாருங்கள்" எனக் கூட்டரசுத் தொடர்பு ஆணையத்திடம் முறையிட்டார். ஆணையம் நான்குக்கு மூன்று என்ற வாக்கு வேறுபாட்டில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது.

செய்தித் துறையே கதிகலங்கியது. அதிபர் ஐசனோவர் இது நகைப்புக்குரியது என வெளிப்படையாகவே கூறினார். அதே ஆண்டு செப்டம்பரில் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியது. உண்மையான செய்தியறிக்கை, செய்தி நேர்காணல், செய்தி ஆவணப்படம், நிகழ்விடத்திலிருந்து தரப்படும் செய்தி ஒளிபரப்பு ஆகியவற்றில் தோன்றுவது இனிச் சமநேரத்தைக் கோரும் 'பயன்பாடு' ஆகாது.

திருத்தம் தேவையானதுதான். செய்திக்கெல்லாம் சமநேரம் கேட்டால் செய்தியே இராது. ஆயினும், பதவியில் இருப்பவர் நாடா வெட்டுவதும் செய்தி, விருந்தினரை வரவேற்பதும் செய்தி. முக்காலி விற்பவர் தெருமுனையில் பேசுவது யாருக்குச் செய்தி? இந்தக் கேள்விக்குத் திருத்தத்தில் விடை இல்லை.

லார் டேலி ஓய்ந்துவிடவில்லை. 1960இல் அதிபர் வேட்பாளராகக் களமிறங்கினார். ஜாக் பார் நடத்திய இரவுநேரக் கேளிக்கை நிகழ்ச்சியில் கென்னடி தோன்றியதைச் சுட்டிக்காட்டித் தாமும் அதே மேடையில் நேரம் பெற்றார். கேளிக்கை நிகழ்ச்சி விலக்குப் பட்டியலில் இல்லையே!

அவ்வாண்டு கென்னடியும் நிக்சனும் நேருக்கு நேர் வாதிட வேண்டுமென்று விரும்பியபோதும் 315ஆம் பிரிவே குறுக்கே நின்றது. இருவரைப் பேசவிட்டால், பெயரளவில் அறியப்பட்ட சிறு கட்சி வேட்பாளர்கள் பலரும் வரிசையில் நிற்பார்கள். ஆகவே காங்கிரஸ் அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும், அதிபர், துணை அதிபர் பதவிகளுக்கு அவ்விதியை நிறுத்திவைத்தது. செப்டம்பர் 26இல் சிக்காகோவில் நடந்த முதல் விவாதத்தை ஏறத்தாழ 7 கோடிப் பேர் கண்டனர். அடுத்து 1964, 1968, 1972 ஆகிய மூன்று தேர்தல்களிலும் விவாதமே இல்லை. முன்னணியில் இருந்த வேட்பாளர்களுக்கு விவாதம் தேவைப்படவில்லை. சட்டமோ நல்ல சாக்காக அமைந்தது.

1975இல் ஆணையம் ஒரு வழி கண்டது. தொலைக்காட்சி நிலையம் அல்லாத வேறோர் அமைப்பு விவாதத்தை நடத்தினால், அதைக் காட்டுவது நிகழ்விடச் செய்தி ஒளிபரப்பு, சமநேரம் தேவையில்லை. 1976இல் பெண் வாக்காளர் கழகம் நடத்திய போர்டு–கார்ட்டர் முதல் விவாதத்தில் திடீரென ஒலியமைப்பு பழுதடைந்தது. ஏறக்குறைய 27 நிமிடங்கள் இருவரும் ஒரு சொல்லும் பேசாமல் மேடையில் நின்றுகொண்டேயிருந்தனர். அந்த மௌனத்தில் மட்டும் இருவருக்கும் துல்லியமாகச் சமநேரம் கிடைத்தது எனலாம்.

திரைப்பட நடிகர் வேட்பாளரானால் அவருடைய பழைய படங்களும் 'பயன்பாடு' எனக் கருதப்படும் என்பதால், ரேகன் போட்டியிட்ட காலத்தில் நிலையங்கள் அவர் படங்களை ஒதுக்கிவைத்தன. நடிகர்களை அரியணையில் அமர்த்திய தமிழகத்தில் இப்படியொரு சட்டம் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும்! இவ்விதி இன்றும் உயிரோடிருக்கின்றது. 2024 நவம்பரில் கமலா ஹாரிஸ் ஒரு நகைச்சுவை நிகழ்ச்சியில் சிறிது நேரம் தோன்றியதற்கு ஈடாக, அதே நிறுவனம் டிரம்பிற்கு விளையாட்டு ஒளிபரப்பின்போது நேரம் ஒதுக்க நேர்ந்தது.

ஆனால் விவாத மேடையின் கதவு குறுகிவிட்டது. ஆர்கன்சா மாநிலத்தில் 1992இல் வாக்குச்சீட்டில் இடம்பெறும் தகுதிபெற்ற சுயேச்சை வேட்பாளரை, மக்கள் ஆதரவு போதாது என்று கூறி, அரசு நடத்தும் தொலைக்காட்சி விவாதத்துக்கு அழைக்கவில்லை. அவர் பேச்சுரிமையை முன்வைத்து வழக்காடினார். 1998இல் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என நிலையத்தின் பக்கம் நின்றது. மேடை ஏறாமல் ஆதரவு எங்ஙனம் பெருகும் என்று அவர் கேட்டிருந்தால், அதை வெறும் பிடிவாதம் என்று என்னால் தள்ளிவிட இயலவில்லை.

லார் டேலிக்கு 1973இல் ஒருமுறை அதிர்ஷ்டம் கண் சிமிட்டியது. காங்கிரஸ் இடைத்தேர்தலில் குடியரசுக் கட்சியின் வேட்பாளராகவே தேர்வானார். கார்டிஸ் காலின்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணியிடம் படுதோல்வி கண்டார். 1978இல் அவர் காலமானார்.