ஜெரண்டும் இன்ஃபினிட்டிவும் (ஆங்கில இலக்கணம்)

ஜெரண்ட், இன்ஃபினிட்டிவ் என்பன ஆங்கில வினைச்சொல் முற்றாக நில்லாதபோது கொள்ளும் இரு வடிவங்கள் ஆகும். வினையடியுடன் "இங்" விகுதி சேர்ந்து பெயர்ச்சொல்லைப் போல் பயன்படுவது ஜெரண்ட். வினையடிக்கு முன் "டு" சேர்ந்து வருவது இன்ஃபினிட்டிவ். எடுத்துக்காட்டாக, "ரீட்" என்பதிலிருந்து "ரீடிங்", "டு ரீட்" ஆகியவை பிறக்கின்றன. தமிழில் முன்னது தொழிற்பெயருக்கும் (படித்தல், படிப்பது), பின்னது "செய" என்னும் வாய்பாட்டு வினையெச்சத்திற்கும் (படிக்க) ஏறத்தாழ ஒப்பாகும்.

வரலாறு

பழைய ஆங்கிலத்தில் வினையிலிருந்து பெயரை ஆக்குவதற்கு "உங்", "இங்" என்னும் விகுதிகள் வழங்கின. இன்றைய ஜெரண்ட் இவற்றிலிருந்து வளர்ந்தது. இன்ஃபினிட்டிவ் அக்காலத்தில் "அன்" விகுதி பெற்றிருந்தது. நடு ஆங்கிலக் காலத்தில் அவ்விகுதி தேய்ந்து மறைந்தது. இன்று அதற்கு அடையாளமாக உள்ள "டு", முதலில் திசையைக் குறித்த முன்னிடைச்சொல் ஆகும்.

பொது விதிகள்

* முன்னிடைச்சொல்லுக்குப் பின் ஜெரண்டே வரும். "லுக் ஃபார்வர்ட் டு" என்னும் தொடரில் உள்ள "டு" முன்னிடைச்சொல் ஆதலால், "லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ" என்பதே சரி.
* என்ஜாய், ஃபினிஷ், அவாய்ட், சஜெஸ்ட் ஆகிய வினைகள் ஜெரண்டை ஏற்கும், இன்ஃபினிட்டிவை ஏற்கா.
* வாண்ட், ஹோப், டிசைட், பிராமிஸ் ஆகியவற்றை அடுத்துச் செய்ய விரும்பும் அல்லது எண்ணும் செயல் இன்ஃபினிட்டிவாக வரும்.
* பிகின், ஸ்டார்ட், கண்டின்யூ ஆகியவை இரண்டையும் ஏற்கும். பொருள் பெரிதும் மாறாது.

பொருள் வேறுபாடு

நிகழ்ந்த அல்லது நிகழும் செயலுக்கு ஜெரண்டும், இனி நிகழக்கூடிய செயலுக்கு இன்ஃபினிட்டிவும் பொருந்தி வரும் போக்கினை மொழியியலாளர் டுவைட் போலிஞ்சர் 1968ல் எடுத்துக்காட்டினார். இது போக்கே அன்றி விதி அன்று. சஜெஸ்ட் இன்னும் நிகழாத செயலைக் குறித்தாலும் ஜெரண்டை ஏற்கிறது. மேனேஜ் நிகழ்ந்து முடிந்த செயலைக் குறித்தாலும் இன்ஃபினிட்டிவை ஏற்கிறது.

சில வினைகளில் வடிவம் மாறினால் பொருள் தலைகீழாகும். "ஸ்டாப் டேக்கிங் த மெடிசின்" என்றால் மருந்து உண்பதை நிறுத்து என்று பொருள். "ஸ்டாப் டு டேக் த மெடிசின்" என்றால் மருந்து உண்பதற்காக, செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்து என்று பொருள்.

தமிழுடன் ஒப்பீடு

இவ்வேறுபாடு தமிழர்க்குப் புதிதன்று. பின்வரும் இணைகளில் தமிழும் வடிவத்தை மாற்றியே பொருளை வேறுபடுத்துகிறது.

* ஃபர்கெட்: "பூட்ட மறந்தேன்" (டு லாக்), "பூட்டியதை மறந்தேன்" (லாக்கிங்).
* ட்ரை: "திறக்க முயன்றேன்" (டு ஓப்பன்); "திறந்து பார்த்தேன்" (ஓப்பனிங்).

வேறு சில இடங்களில் தமிழின் ஒரே வினைக்கு ஆங்கிலத்தில் இரு வினைகள் உள்ளன. "தர மறுத்தார்" என்பதற்கு ரெஃபியூஸ் வந்து இன்ஃபினிட்டிவை ஏற்கும். "எடுத்ததை மறுத்தார்" என்பதற்கு டினை வந்து ஜெரண்டை ஏற்கும். அவ்வாறே "தர ஒப்புக்கொண்டார்" என்பதற்கு அக்ரீயும், "எடுத்ததை ஒப்புக்கொண்டார்" என்பதற்கு அட்மிட்டும் வரும்.

எனினும் எல்லா இடங்களிலும் தமிழ் வழிகாட்டுவதில்லை. "எழுதி முடித்தான்" என்பதில் வினையெச்சம் உள்ளது. ஆங்கிலத்திலோ "ஃபினிஷ்ட் ரைட்டிங்" என ஜெரண்ட் வரவேண்டும். "போகும்படி பரிந்துரைத்தார்" என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் "சஜெஸ்டட் டு கோ" என்னும் பிழை நேர்கிறது. "சஜெஸ்டட் கோயிங்" என்பதே சரி.

கற்கும் முறை

ஒரு வினையைக் கற்கும்போதே அது ஏற்கும் வடிவத்தையும் சேர்த்துக் கற்பது பயன் தரும். ஏ. எஸ். ஹார்ன்பியும் உடன் பணியாற்றியோரும் தொகுத்து 1942ல் டோக்கியோவில் வெளியான அகராதி, வினைகள் ஏற்கும் தொடரமைப்புகளைப் பிறமொழியினருக்காகக் குறித்துக் காட்டியது. இதுவே பின்னர் ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி எனப் பெயர் பெற்றது. இவ்வகை அகராதிகளில் வினையின் பொருளுடன் அதன் தொடரமைப்பையும் பார்த்து அறியலாம்.